யாருக்குப் பொருத்தமான உடை?

பயணிகளுக்குப் புத்தி சொல்லும் நூல்கள் இன்று மலிந்துவிட்டன. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை வழியாகப் பொத்துவிலுக்கு வந்து, அங்கிருந்து வடக்கே திரும்பி அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை என்று கடலோரமாகவே மட்டக்களப்புக்குச் செல்கின்றது ஏ-4 பெருந்தெரு. இத்தெருவைப் பற்றி எழுதும்போது அந்நூல்கள் வழக்கமாக ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துக்கொள்கின்றன. வெப்பம் மிகுந்த பிரதேசம். முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் ஊர்கள். பழைமை பேணும் சமுதாயம். ஆகவே பெண் பயணிகள் தோளையும் முழங்காலையும் மறைக்கும் பொருத்தமான உடையை அணிய வேண்டும் என்பதே அந்த எச்சரிக்கையின் சாரம்.

இந்த அறிவுரை பொய்யானது என்று சொல்ல நாம் வரவில்லை. பிறர் ஊருக்குச் செல்கின்றவன் அவ்வூராரின் மனம் நோகாமல் நடந்துகொள்ள வேண்டும் என்பது எந்த நாட்டுக்கும் பொதுவான பண்பு. மீன் வாங்கவும் மருந்து வாங்கவும் மக்கள் கூடி நிற்கின்ற கல்முனைக் கடைத்தெருவுக்குள் கடற்குளிப்பு உடையோடு நுழைவது சுதந்திரமன்று, மரியாதைக் கேடு. இதில் நமக்கு ஐயம் இல்லை. ஆனால் பாதி உண்மையை முழு உண்மையாக விற்பது முழுப் பொய்யைவிட ஆபத்தானது. 'பொருத்தமான உடை' என்ற இந்தச் சாதுவான சொற்றொடருக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. பொருத்தத்தைத் தீர்மானிப்பவர் யார்? அந்தத் தீர்மானத்தின் கீழ் வியர்ப்பவர் யார்? அதற்கு விலை கொடுப்பவர் யார்? இம்மூன்றையும் கேளாமல் உடையைப் பற்றிப் பேசுவோர், உடையைப் பற்றிப் பேசவில்லை. அதிகாரத்தைப் பற்றியே பேசுகின்றனர்.

முதலில் வெயிலைப் பற்றிப் பேசுவோம். அது எந்த மதத்துக்கும் கட்டுப்படாதது.

வைகாசி தொடங்கி ஆவணி வரையில் மேற்கு மலைகளைத் தாண்டி இறங்குகின்ற கச்சான் காற்று, தன் ஈரத்தை மலையின் மறுபக்கத்திலேயே உதறிவிட்டு, இக்கரையில் வறண்ட அனலாக வீசுகின்றது. அறுகங்குடாவில் அலைச்சறுக்கு விளையாட்டுக்காக உலகின் பல பாகங்களிலிருந்தும் இளைஞர்கள் வந்து கூடும் பருவமும் இதுவே. இந்தக் காற்றில் எவ்வாறு உடுத்துவது என்பதை எந்த நூலும் சொல்லாமலே இப்பகுதியின் உழைப்பாளி அறிவான். கரைவலை இழுப்பவன் சாரனை மடித்துக் கட்டித் தலையில் துவாயைச் சுற்றிக்கொள்கின்றான். வயலில் கதிர் அறுக்கச் செல்லும் பெண், சேலைக்கு மேல் ஓர் ஆணின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்கின்றாள். வெயில் கடிக்காமலும் நெற்றாள் கிழிக்காமலும் இருப்பதற்காகவே அவள் அப்படிச் செய்கின்றாள். உடலை மறைப்பது அங்கே ஒழுக்கத்தின் சின்னமாக இல்லை. உழைப்பின் தேவையாக இருக்கின்றது.

விஞ்ஞானமும் உழைப்பாளியின் பக்கமே நிற்கின்றது. பாலைவனத்து நாடோடிகள் ஏன் கறுத்த அங்கி அணிகின்றனர் என்று ஆராய்ந்த சில அறிஞர்கள், 1980ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு நினைவிற் கொள்ளத் தக்கது. கறுத்த துணி வெள்ளைத் துணியைவிட அதிக வெப்பத்தை உறிஞ்சுகின்றது. எனினும் அங்கி தளர்வாக இருப்பதனால் உள்ளே காற்று ஓடி, அந்த மேலதிக வெப்பம் தோலை எட்டுமுன்பே வெளியேறிவிடுகின்றது என்பதே அவர்கள் கண்டது. ஆகவே நிறத்தைவிடத் தளர்ச்சியும் காற்றோட்டமுமே முக்கியமானவை. ஆனால் அது வறண்ட பாலைவனம். இதுவோ கடற்காற்றின் ஈரம் கலந்த கரை. கச்சான் ஓய்ந்த நேரத்தில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. பருத்தி நூல் சாதாரண நிலையிலேயே தன் நிறையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவு ஈரத்தை ஏந்தக் கூடியது. பொலியெஸ்டர் அரைப் பங்கைக்கூட ஏந்தாது. செயற்கை நூலில் நெய்த மூடிய உடைக்குள் வியர்வை வியர்வையாகவே நிற்கின்றது. எனவே மூடுவதா திறப்பதா என்று வாதாடுகின்ற இரு சாராருமே கேளாத கேள்வி ஒன்று உண்டு. எந்தத் துணி?

இந்த அளவில் பயணிக்கு நாமும் ஒரு புத்திமதி கூறலாம். தளர்ந்த பருத்திச் சட்டை, கணுக்கால் வரையில் இறங்கும் பருத்திக் காற்சட்டை அல்லது பாவாடை, வெயிலுக்கும் வழிபாட்டிடத்துக்கும் ஒருங்கே உதவும் ஒரு சால்வை, கழற்றி மாட்ட எளிதான செருப்பு ஆகிய இவ்வளவும் போதும். கடற்கரையில் நீச்சலுடை, தெருவில் தெரு உடை. இது பெண்ணுக்கு மட்டும் உரிய விதியாக இருக்கக் கூடாது.

பிணக்கு இங்கேதான் தொடங்குகின்றது. மேற்படி நூல்களிற் பெரும்பாலானவை இந்த விதியைப் பெண்ணை நோக்கியே எழுதுகின்றன. அரைக் காற்சட்டையோடு வெற்று மார்பாக மோட்டார் சைக்கிளில் ஊருக்குள் வருகின்ற ஆண் பயணியைப் பற்றி அவை ஒரு வரி எழுதினால் அது பெரிய காரியம். ஊராரும் அவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுகின்றனர். அவனோடு வரும் பெண்ணின் தோளே விவாதப் பொருளாகின்றது. அந்த ஒரே பெருந்தெருவில் கல்முனையிலிருந்து சில மைல் தெற்கே போனால் காரைதீவு வருகின்றது. சுவாமி விபுலானந்தர் 1892ஆம் ஆண்டு பிறந்த ஊர். இன்னும் தெற்கே திருக்கோவில். இப்பகுதித் தமிழரின் கோயில்களுக்குள் செல்லும் ஆண் தன் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுச் செல்வது பக்தி. அதே ஆண், அதே வெற்று மார்போடு, பத்து நிமிடத் தூரத்திலுள்ள பள்ளிவாசல் வீதியில் நடப்பது அவமரியாதை. இரண்டும் அவரவர் இடத்தில் நியாயமே. இதிலிருந்து தெளிவாவது என்ன? எந்த உடையும் தன்னளவில் ஒழுக்கமுடையதுமன்று, ஒழுக்கங் கெட்டதுமன்று. இடமும் உறவும் அதற்குப் பொருள் தருகின்றன. ஆணின் விடயத்தில் இந்த உண்மையை எல்லாரும் எளிதாக ஒப்புக்கொள்கின்றனர். பெண்ணின் விடயம் வந்ததும், ஒரு முழத் துணியில் ஒரு சமுதாயத்தின் மானம் முழுவதையும் தொங்கவிடுகின்றனர்.

'உல்லாசப் பிரயாணி' என்று நாம் வழங்கும் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். உல்லாசம் ஒருவனுக்கு, அந்த உல்லாசத்துக்கு வேண்டிய படுக்கையை விரிப்பதும் பாத்திரத்தைக் கழுவுவதும் இன்னொருவனுக்கு. அறுகங்குடாவின் விடுதிகளில் அந்நியச் செலாவணி புழங்குகின்ற வரையில் நீச்சலுடை யாருடைய கண்ணையும் குத்துவதில்லை. அரசாங்கம் அதை நாட்டின் வருமானம் என்கின்றது. முதலாளி அதைப் பருவம் என்கின்றான். ஒழுக்கத்தின் காவலர் சிலரும் தம் காணியை விடுதிக்குக் குத்தகை விடும்போது கண்ணை மூடிக்கொள்கின்றனர். வெளியூராளிடம் காட்ட முடியாத அந்தக் கோபம் மாலையில் வீடு திரும்பி, வகுப்புக்குச் சைக்கிளில் போய்வருகின்ற சொந்த ஊர்ப் பிள்ளையின் மீது பாய்கின்றது. அவளுடைய முந்தானை எவ்வளவு நழுவியது, அவள் யாரோடு பேசினாள் என்று கணக்கெடுக்கப்படுகின்றது. டொலரிடம் தோற்ற ஒழுக்கம் பெண்பிள்ளையிடம் வீரம் காட்டுகின்றது. இதைப் 'பண்பாடு' என்று அழைக்க நாம் ஆயத்தமாக இல்லை.

'இது எங்கள் தொன்றுதொட்ட வழக்கம்' என்று சிலர் எதிருரைப்பர். வரலாறு அவர்களுக்குச் சாட்சி சொல்லவில்லை. இக்கரை முஸ்லிம் பெண்களின் பாட்டிமார் சேலை உடுத்தினர். அந்தச் சேலையின் முந்தானையையே தலைக்கு முக்காடாக இட்டனர். வயலுக்கும் சந்தைக்கும் பாய் இழைப்பதற்கும் அந்த உடையே இருந்தது. இன்று கல்முனைக் கடைகளில் தொங்குகின்ற கறுத்த அபாயா, 1980களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்றவர்களின் பெட்டிகளோடும், அக்காலத்துச் சமயச் சீர்திருத்த இயக்கங்களோடும் சேர்ந்து வந்தது. வீட்டுப் பணிப்பெண்ணாகப் போன ஏழைப் பெண்ணுக்கு அது முதலில் வேலைக்குரிய உடை. பின்னர் ஊரில் அதுவே அந்தஸ்தின் அடையாளம். அதன் பின்னர் அதுவே கட்டாயம். நாற்பது ஆண்டுக்குள் நடந்த இந்த மாற்றத்தை நாலாயிரம் ஆண்டுப் பழைமை என்று வெளியூர் நூல்கள் எழுதுகின்றன. உள்ளூர்ப் பிரசங்கிகளும் அதையே சொல்கின்றனர். எதிரெதிர்த் திசையிலிருந்து வருகின்ற இருவரும் ஒரே பொய்யில் கைகுலுக்குவதைப் பாருங்கள்.

இன்னொன்றையும் இந்த வழக்கத்தின் காவலர்களிடம் கேட்கின்றோம். இக்கரையின் உண்மையான தொன்மை எது? தமிழரும் முஸ்லிம்களும் இங்கே தாய்வழிக் 'குடி' முறையைப் பேணி வந்தனர். திருமணத்தின்போது வீடு மகளுக்கே போகின்றது. மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து குடியிருக்கின்றான். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல்லாண்டு தங்கி ஆராய்ந்து, 2008இல் வெளியிட்ட பெருநூலில் இம்முறையை விரிவாக எழுதியுள்ளார். சீதனத்தின் சுமையும் இதனுள் அடங்கியிருப்பதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் வீட்டின் உறுதி பெண்ணின் பெயரில் இருக்கலாமாம். அவள் உடுக்கின்ற துணியைத் தீர்மானிக்கும் உரிமை மட்டும் அவளிடம் இருக்கக் கூடாதாம்! மரபு மரபு என்று முழங்குவோர், மரபிலே பெண்ணுக்கு வலுவான பக்கத்தை மறந்துவிட்டு, அவளைக் கட்டும் பக்கத்தை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்வது ஏன்?

நாம் அபாயாவைப் பழிக்கின்றோம் என்று யாரும் அவசரப்பட்டு மகிழ வேண்டாம். அதை விரும்பி அணிகின்ற பெண்கள் ஏராளம். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் ஆசிரியப் பணிக்கும் அலுவலகத்துக்கும் அவர்கள் அதை அணிந்துதான் செல்கின்றனர். அந்த உடை இல்லையென்றால் வீட்டை விட்டே வெளியே விடமாட்டார்கள் என்ற நிலையில், அதையே ஒரு திறவுகோலாக்கிக் கதவைத் திறந்துகொண்டு வந்தவர்களும் உண்டு. அவர்களுடைய விவேகத்தை நாம் மதிக்கின்றோம். அபாயாவைக் கண்டதும் 'அடிமைத்தனம்' என்று கூவுகின்ற நகரத்துச் 'சீர்திருத்தவாதி', அவளைப் பிரசங்கியைப் போலவே ஒரு பொம்மையாகப் பார்க்கின்றான். ஒருவன் பொம்மைக்கு உடுத்தப் பார்க்கின்றான். மற்றவன் உரியப் பார்க்கின்றான். பொம்மை பேசும் என்பதை இருவருமே எதிர்பார்க்கவில்லை.

இப்போது நிலைமையைத் தலைகீழாக்கிப் பார்ப்போம். கல்முனைப் பெண் எப்போதும் விருந்தோம்புபவள்தானா? அவளும் பயணம் போகின்றவளே. வைத்தியத்துக்கும் நேர்முகப் பரீட்சைக்கும் கடவுச்சீட்டுக்கும் அவள் இரவு பஸ்ஸில் ஏறி, விடியற்காலையில் கொழும்பில் இறங்குகின்றாள். அவள் போகும் இடத்தில் அவளுக்குப் 'பொருத்தமான உடை' எது என்று எந்த வழிகாட்டி நூல் எழுதியிருக்கின்றது? அவளைப் பொறுத்த வரையில், பிறர் உடையைச் சகிக்க முடியாத பழைமைவாதப் பிரதேசம் எது?

இது புதிய கேள்வியன்று. 1905ஆம் ஆண்டு எம். சி. அப்துல் காதர் என்னும் முஸ்லிம் வழக்கறிஞர் துருக்கித் தொப்பி அணிந்து உயர் நீதிமன்றத்தில் வாதாட எழுந்தபோது, பிரதம நீதியரசர் லெயார்ட் அதற்கு இடங்கொடுக்கவில்லை. வெள்ளையனின் நீதிமன்றத்துக்குப் 'பொருத்தமான' தலை, தொப்பி கழற்றிய தலை. அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் தேதி மருதானைப் பள்ளிவாசல் மைதானத்தில் முஸ்லிம் மக்கள் பெருங்கூட்டம் கூடித் தமது எதிர்ப்பைத் தெரிவித்தனர். ஈற்றில் நீதிமன்றம் இறங்கி வந்தது. இலங்கை முஸ்லிம்களின் பொதுவாழ்வு விழிப்படைந்த நிகழ்ச்சிகளில் ஒன்றாக இது இன்றும் பெருமையோடு பேசப்படுகின்றது. ஆணின் தொப்பிக்காகத் திரண்ட அந்தப் பெருமை, பெண்ணின் உடை பற்றிய தீர்மானத்தில் அவளுடைய குரலைக் கேட்பதற்கு ஏன் திரளவில்லை என்று நாம் கேட்டால், அதில் குற்றம் என்ன?

நூறாண்டுக்குப் பின் வரலாறு மாறி மாறி அரங்கேறியது. 2018இல் திருகோணமலையில் ஓர் இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வருவதற்கு எதிராக ஆர்ப்பாட்டம் எழுந்தது. தமிழ் பேசும் சிறுபான்மையினர் இருவர், பெரும்பான்மையின் ஆதிக்கத்தால் ஒருங்கே நசுங்கிக்கொண்டிருக்கும்போதே, ஒரு பெண்ணின் அங்கியைப் பிடித்திழுத்துத் தம்முள் மல்லுக்கு நின்றனர். சேலைதான் 'பொருத்தம்' என்றனர் அங்கே. அபாயாதான் 'பொருத்தம்' என்றனர் இங்கே. தமிழ்ச் சமுதாயத்தின் பெயரால் நிகழ்ந்த அந்த வெட்கத்தை, தமிழில் எழுதுகின்ற நாம் மறைக்க விரும்பவில்லை.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 21ஆம் தேதி உயிர்த்த ஞாயிறு நாளில் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நிகழ்ந்த கொடுமையை நாடறியும். ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் பயங்கரவாதிகள் ஒளிந்திருந்த வீட்டைப் பற்றித் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே. அந்த வீட்டில் குழந்தைகளும் மாண்டனர். அதற்குக் கிடைத்த கைம்மாறு என்ன? ஏப்ரல் 29இல் அவசரகால விதியின் கீழ் முகத்தை மூடும் உடை தடைசெய்யப்பட்டது. தடை முகத்திரைக்கு மட்டுமே; ஆனால் முகத்திரை அணியாது, தலையை மட்டும் மறைத்த பெண்களையும் வைத்தியசாலை வாசலிலும் அலுவலக வாசலிலும் மறித்தனர். மே மாத இறுதியில் பொதுநிர்வாக அமைச்சின் 13/2019 இலக்கச் சுற்றறிக்கை, அரசாங்க அலுவலகங்களில் பெண்கள் சேலை அல்லது ஒசரி மட்டுமே உடுக்க வேண்டும் என்று விதித்தது. கடும் எதிர்ப்பின் பின்னர் அது மாற்றப்பட்டது. அந்தச் சுற்றறிக்கை ஆணுக்குக் காற்சட்டையையும் தேசிய உடையையும் காட்டித் தெரிவு கொடுத்தது. பெண்ணுக்குச் சேலைச் சீருடையைக் கொடுத்தது.

இந்தச் சேலைச் சட்டம் முஸ்லிம் பெண்ணை மட்டும் சுட்டதா? 2022இல் நாடு வங்குரோத்தடைந்து, பஸ்ஸும் எரிபொருளும் இல்லாமல் மக்கள் தவித்தபோது, சேலை வாங்கும் செலவைத் தாங்க முடியாமல் சிங்கள ஆசிரியைகளும் தமிழ் ஆசிரியைகளும் முறையிட்டனர். அவ்வாண்டு நவம்பர் 21இல் சில ஆசிரியைகள் சேலையல்லாத, ஆனால் கண்ணியமான வேறு உடையில் பள்ளிக்கூடம் சென்றனர். கல்வி அமைச்சு அதை ஏற்க மறுத்தது. ஆசிரியைகளின் சம்பளம் தேய்ந்தது பற்றிப் பேச நேரமில்லாதவர்களுக்கு, அவர்களின் சேலை பற்றிப் பேச நேரம் இருந்தது. முதல் நாள் பிறத்தியாள் மீது விழுந்த கல்லை ரசித்தவர்கள், மறுநாள் அது தம் முற்றத்தில் விழுந்ததைக் கண்டனர்.

உலகமும் இதையே சொல்கின்றது. ஈரானில் 1936ஆம் ஆண்டு மன்னன் ரேஸா ஷா, பெண்களின் முக்காட்டைப் பொலிஸாரைக் கொண்டு களைந்தெறிந்தான். புரட்சிக்குப் பின் 1983இல் அதே நாட்டில் அதே முக்காடு சட்டத்தினால் கட்டாயமாக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் மஹ்ஸா அமீனி என்னும் இளம்பெண், உடைச் சட்டத்தின் பேரில் பிடிக்கப்பட்டு, காவலில் இருக்கையில் மாண்டபோது அந்நாடே கொந்தளித்தது. உரிந்தவனும் உடுத்தியவனும் ஏந்திய தடி ஒன்றே. பிரான்ஸில் 2016இல் சில கடலோர நகரசபைகள் உடல் முழுவதும் மூடிய நீச்சலுடையைத் தடைசெய்தன. ஆகஸ்ட் 26இல் அந்நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றம் அத்தகைய தடையொன்றை நிறுத்திவைத்தது. அறுகங்குடாவில் குறைய உடுத்தது குற்றம். பிரான்ஸின் கடற்கரையில் கூட உடுத்தது குற்றம். இரு கடற்கரையிலும் குற்றவாளிக் கூண்டில் நின்றவள் பெண்.

உடை பற்றிய இவ்வாதம் வெறும் வாய்ச்சண்டை என்று நினைப்போருக்கு ஒரு நாளை நினைவூட்டுகின்றோம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26. மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் காரைதீவும் கடலுக்குள் போய்வந்த நாள். இலங்கையின் எந்த மாவட்டத்தையும்விட அம்பாறை மாவட்டத்திலேயே உயிரிழப்பு அதிகம். 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். இம்மாவட்டத்து முகாம்களில் தங்கியிருந்த குடும்பங்களை விசாரித்து நிகழ்த்திய ஆய்வொன்று, ஆண்களைவிடப் பெண்கள் ஏறக்குறைய இருமடங்கு விகிதத்தில் இறந்தனர் என்று கண்டது. கடல் பெண்களைத் தேடிப் பிடித்ததா? ஆண் பிள்ளை நீந்தப் பழகினான். தென்னையில் ஏறப் பழகினான். பெண் பிள்ளைக்கு அவை இரண்டும் பொருத்தமற்றவை என்று கற்பித்தோம். கையில் குழந்தை, காலைச் சுற்றிய ஈரத் துணி, வீட்டுக்குள்ளேயே இருக்கப் பழகிய உடல் ஆகிய எல்லாம் சேர்ந்து அவளை இழுத்துச் சென்றன. உடை ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஓடுவதற்கும் ஏறுவதற்கும் நீந்துவதற்கும் பெண்ணுக்கு இடங்கொடாத 'பொருத்தம்' உயிர் குடிக்கும் என்பதை அந்த ஒரு காலைப்பொழுது நிரூபித்தது. அந்தப் பாடத்தையும் நாம் கற்கவில்லையென்றால், வேறெந்த ஆசிரியன் வந்து கற்பிப்பான்?

இனி, முதலில் கேட்ட கேள்விக்குத் திரும்புவோம். எந்தத் துணி?

கல்முனைக்கு வடக்கே, பாண்டிருப்பைக் கடந்ததும் வருகின்ற ஊர் மருதமுனை. கைத்தறிக்குப் பேர்போன ஊர். அங்கே நெய்த சாரனும் சேலையும் இலங்கையின் பல பாகங்களுக்கும் சென்றன. இந்தக் கரையின் வெயிலையும் வியர்வையையும் அறிந்த கை நெய்த பருத்தித் துணி அது. 1970 முதல் 1977 வரையில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் உள்நாட்டு நெசவுக்குக் கேள்வி இருந்தது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. அந்நிய ஆலைகளின் மலிவுத் துணி வெள்ளமாகப் புகுந்தது. நாடெங்கும் தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. பின்னர் போர் வந்தது, கடல் வந்தது, 2022இல் ரூபாய் வீழ்ந்தபோது இறக்குமதி நூலின் விலையும் சாயத்தின் விலையும் ஏறின. இவ்வளவுக்கும் பின்னர் இன்றும் அங்கே தறி ஓடுகின்றது என்றால், அது நெசவாளியின் பிடிவாதமே தவிர எந்த அரசாங்கத்தின் கருணையுமன்று.

நெசவாளியின் வீட்டு முற்றத்திலிருந்து இந்த விவாதம் முழுவதையும் நோக்கினால் அதன் அபத்தம் விளங்கும். வெளிநாட்டுப் பயணி, வெளிநாட்டு ஆலையில் செய்த செயற்கைச் சட்டையோடு அந்த வாசலைக் கடந்து போகின்றாள். ஊர்ப் பெண் வெளிநாட்டுச் செயற்கைத் துணியில் தைத்த அங்கியோடு அதே வாசலைக் கடந்து போகின்றாள். ஒருத்தியைக் 'குறைய உடுத்தவள்' என்றும் மற்றவளை 'ஒழுங்காக உடுத்தவள்' என்றும் தரம் பிரிக்கின்றனர். இருவரும் ஒரே வெயிலில் ஒரே மாதிரி வியர்க்கின்றனர். இருவரின் காசும் ஒரே திசையில் நாட்டை விட்டு வெளியேறுகின்றது. உள்ளே இருக்கின்ற தறியோ இருவருக்கும் ஏற்ற துணியைச் சுற்றி வைத்துக்கொண்டு வாங்குவாரின்றிக் காத்திருக்கின்றது. தளர்ந்த அபாயாவைப் பருத்தியில் தைக்க முடியாதா? பயணியின் பாவாடையையும் சால்வையையும் மருதமுனைத் துணியில் தைக்க முடியாதா? பண்பாட்டுக்காக மேடையில் தொண்டை கிழியக் கத்துவோரில் எத்தனை பேர் தம் ஊர் நெசவாளியின் சாரனை அரையில் கட்டியிருக்கின்றனர்?

ஆகவே நமது நிலைப்பாட்டை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகின்றோம். இக்கரைக்கு வருகின்ற பயணி, ஆணாயினும் பெண்ணாயினும், ஊரின் மரியாதையைக் காக்கட்டும்; அது விருந்தினரின் கடமை. அந்த மரியாதையை அன்பாகக் கேட்கும் உரிமை ஊராருக்கு உண்டு. சண்டித்தனத்தால் வாங்கும் உரிமை எவருக்கும் இல்லை. கல்முனையிலிருந்து புறப்படுகின்ற பெண் இந்நாட்டின் எந்த அலுவலகத்துக்கும், வைத்தியசாலைக்கும், பள்ளிக்கூடத்துக்கும், முக்காட்டோடோ முக்காடின்றியோ, தலைநிமிர்ந்து நுழையட்டும். அது குடிமகளின் உரிமை. அவள் முக்காடிடுவதும் இடாதிருப்பதும் அமைச்சின் சுற்றறிக்கைக்கும் கட்டுப்பட்டதன்று. பள்ளிவாசல் நிர்வாகத்தின் தீர்மானத்துக்கும், கோயில் வீதி ஆர்ப்பாட்டத்துக்கும் கட்டுப்பட்டதன்று. முதலாவதை எதிர்த்துவிட்டு மற்றவற்றுக்குத் தலையாட்டுபவன் ஜனநாயகவாதியல்லன். தன் அதிகாரத்துக்கு வந்த போட்டியைக் கண்டு பொருமுகின்றவன்.

அதிகாலையில் கல்முனைக்குள் நுழைகின்ற கொழும்பு பஸ்ஸில் ஓர் இருக்கையில் அந்நிய நாட்டுப் பெண்ணும் நம் ஊர்ப் பெண்ணும் அருகருகே அமர்ந்து வருவது இன்று அரிய காட்சியன்று. இருவரும் இரவு முழுவதும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உறங்கியிருப்பர். யன்னலைத் திறக்கவா மூடவா என்று சைகையால் பேசியிருப்பர். ஒருத்தியின் சால்வையைக் குளிருக்கு மற்றவள் கேட்டு வாங்கிப் போர்த்தியுமிருப்பாள். அவர்களுக்குள் உடைப் பிரச்சினை இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதை உண்டாக்கிக் கொடுக்கக் காத்திருப்போர் யார் என்பதை நாம் காட்டிவிட்டோம். அவர்களிடம் சொல்ல நமக்கு ஒரே வார்த்தைதான் உண்டு: உடுப்பவளைக் கேளுங்கள், நெய்பவனைக் கேளுங்கள், அதுவரையில் வாயை மூடிக்கொண்டிருங்கள்!